சின்னக்கானலில் ஒரு பகையாளியின் ஜீப்

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நான் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியிருந்தது. வாளையாரில் இருக்கும் என் வீட்டிலிருந்து சின்னக்கானலுக்கு அதுதான் சுருக்கு வழி. காலையில் ஒரு மாநிலத்தை விட்டு வெளியேறி, அன்றைக்கே இன்னொரு வாசல் வழியாக அதே மாநிலத்துக்குள் நுழைந்தேன். இரண்டு வாசலிலும் ஒரு தடுப்புக் கம்பும் ஒரு காவலரும் இருந்தார்கள். இரண்டு காவலரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் சர்வே துறையில் எல்லைகளுக்காகவே உழைத்தவனுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

என் மனைவி இதை வெளிநாட்டுப் பயணமாகவே நடத்தினாள். கம்பளி, சுக்குப்பொடி, முட்டிவலித் தைலம் எல்லாம் பைக்குள் போயின. கடைசியில் என் பழைய அளவு நாடாவை நான் உள்ளே வைத்தபோதுதான் அவள் வாய் திறந்தாள்.

"ஏனுங்க, ரிட்டயர் ஆகி நாலு வருசமாச்சுங்க. இன்னும் எவனூட்டுக் கல்லை அளக்கறதுக்கு இந்தக் குளுருல போறீங்க?"

"ஆசீர்வாதம் கூப்பிட்டிருக்கான்."

"அந்த அண்ணன் கூப்பிட்டாருன்னா போயிட்டு வாங்க. ஆனா போன எடத்துல ரூல் பேசாதீங்க. அவங்கூட்டுல சோறு போடறவங்களுக்கும் காது இருக்குதுங்க."

ஆசீர்வாதம் எனக்குக் கீழே செயின்மேனாக இருந்தவன். நிலம் அளக்கும்போது சங்கிலியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு காட்டிலும் முள்ளிலும் இறங்குகிறவனுக்கு அந்தப் பெயர். இடுக்கியில் உரிமைப் பட்டயம் கொடுப்பதற்காக நிலம் அளந்த காலத்தில் என்னை அங்கே தற்காலிகமாக அனுப்பியிருந்தார்கள். அப்போது தொடங்கிய பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவன். இப்போது சின்னக்கானலுக்கு மேலே ஒரு ஏக்கர் ஏலத்தோட்டத்தோடு ஓய்வில் இருக்கிறான்.

போனில் அவன் சொன்னது இதுதான்: "சார், டிஜிட்டல் சர்வேக்காரங்க அடுத்த மாசம் நம்ம பக்கம் வாராங்க. எனக்கும் மச்சினனுக்கும் நடுவுல உள்ள கல்லு ஆறடி தள்ளி நிக்கின்னு அவன் சொல்லுதான். நான்தான் நகத்துனேன்னு பதினோரு வருசமா சொல்லுதான். நாளைக்கு மிசினும் அதையே சொல்லிட்டா ஊரே சொல்லும். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க சார்."

நிலத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கவலை முழுவதும் பெயரைப் பற்றி. மச்சினன் பெயர் தேவபிச்சை. ஆசீர்வாதத்தின் மனைவி ரெபேக்காளுக்கு உடன்பிறந்த தம்பி. இரண்டு தோட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சரிவில் இருக்கின்றன. தேவபிச்சை மேலே, ஆசீர்வாதம் கீழே.

உடுமலையில் பஸ் மாறும் இடைவெளியில் நான்கு இட்லி சாப்பிட்டேன். இட்லியை விடச் சாம்பார் சூடாகவும், சாம்பாரை விடப் பரிமாறியவர் சூடாகவும் இருந்தார். "இன்னொரு சட்னி" என்றதற்கு அவர் பார்த்த பார்வையில் நான் பென்ஷனர் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டதென்று புரிந்தது.

சின்னாறு காட்டுக்குள் பஸ் நின்றது. முன்னால் ஒற்றை யானை, சாலையின் நடுவே, பக்கவாட்டில். கண்டக்டர் இறங்கவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் விடவில்லை. மலையாளத்தில் டிரைவரிடம் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால்: "அவர் டியூட்டி முடிந்தால் அவரே போவார். நாம் கையெழுத்து வாங்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம்." ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அரசு அலுவலகங்களில் பொதுமக்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று முதல்முறையாக எனக்கு ஓர் அனுமானம் கிடைத்தது.

மூணாறுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஜீப் போய்விட்டிருந்தது. ஒரு விடுதியில் தங்கினேன். ஒரு ஜன்னல் கதவைச் சாத்த முடியவில்லை, சாத்தியிருந்த இன்னொன்றைத் திறக்க முடியவில்லை. பால் விடாத கட்டன் சாயாவும் வாழைப்பழத்தில் போட்ட பழம்பொரியும் மட்டும் குறை சொல்ல இடம் தராமல் இருந்தன.

மறுநாள் காலை மேலே போகும் ஜீப் ஒன்றில் ஏறினேன். முன்சீட்டில் நான். பின்னால் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவள் காலடியில் ரேஷன் அரிசியும் உர மூட்டைகளும். ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு, பேச்சில் உற்சாகம். ரிசார்ட்காரர்கள் மலையைக் குடைவது, காட்டுப்பன்றி, இந்த வருடம் ஏலத்துக்கு வந்த தண்டு அழுகல் என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விஷயம் வைத்திருந்தார்.

"சாருக்கு எங்க இறங்கணும்?"

"ஆசீர்வாதம் வீட்டுல. சர்வேயில செயின்மேனா இருந்தாரே, அவருதான்."

உற்சாகம் நின்றது. பின்னாலிருந்த பெண் சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, நல்ல ஆளாப் பாத்துத்தான் முன்சீட்டுல ஏத்திருக்கீரு."

"நீ சும்மா இரி மேரி," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நான் தேவபிச்சை சார். அவன் வாசல்ல நான் வண்டிய நிறுத்த மாட்டேன். இங்கிட்டு ஒரு வளைவுல இறக்கி விடுதேன், நடந்துக்கிடுங்க. கோவிச்சுக்கிடாதீங்க."

"வாசல்ல நிறுத்தினா என்னங்க ஆகும்?"

"எல்லைக்கல்ல நகத்துனவனுக்கு வேதத்துல மோசே காலத்துலயே சாபம் எழுதியாச்சு. என் டயருல அது ஒட்டிக்கிடக் கூடாது பாருங்க."

அந்த டயர் அடுத்த வளைவிலேயே ஓடைக்குள் இறங்கியது. மேலிருந்து வேகமாக வந்த சுற்றுலாக் கார் ஒன்றுக்கு வழி விடப் போய், இடது பக்கத்து இரண்டு சக்கரமும் காட்டுத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில் விழுந்தன. நான் கதவின் மேல் சாய்ந்திருந்தேன். கார்க்காரர் நிற்கவில்லை. மேரி இறங்கி, சேலையை உதறி, "நான் நடந்தே போறேன் அண்ணாச்சி, எனக்கு எஸ்டேட்டுல பேர் பதியணும்" என்று கிளம்பிவிட்டாள். மழை தூறத் தொடங்கியது. ஆசீர்வாதத்தின் வாசலுக்கு இன்னும் இருபது எட்டுத் தூரம்தான் இருந்தது.

சத்தம் கேட்டு ஆசீர்வாதம் வந்தான். தோளில் கடப்பாரை, கையிடுக்கில் இரண்டு பலகை. என்னைப் பார்த்தான். ஆனால் "வாங்க சார்" கூட இல்லை. நேராகச் சக்கரத்தின் பக்கம் குனிந்து பார்த்தான். தேவபிச்சை அவனிடமிருந்து மூன்றடி தூரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார்," என்றான் ஆசீர்வாதம், "மூட்டைய முதல்ல இறக்கணும்னு சொல்லுங்க."

யாரிடம் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. தேவபிச்சையிடம் சொன்னேன்.

"சார், இறக்குனா உரம் நனைஞ்சிரும்னு சொல்லுங்க," என்றார் தேவபிச்சை.

"நம்ம ஷெட்டு இருக்குன்னு சொல்லுங்க சார்."

தேவபிச்சை மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். மழை வலுத்தது. "சரின்னு சொல்லுங்க," என்றார்.

மூட்டைகள் ஆசீர்வாதத்தின் ஷெட்டுக்குப் போயின. பிறகு ஒரு மணி நேரம் அந்த இருவரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு அந்த ஜீப்பைத் தூக்கினார்கள். பலகையை எங்கே வைக்க வேண்டும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும், எப்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும், எல்லாம் என் வழியாகத்தான் போயிற்று. ஒருமுறை நான் சொல்லத் தாமதித்ததில் கடப்பாரை வழுக்கி ஆசீர்வாதத்தின் கால் நூலிழையில் தப்பியது. "மெதுவா!" என்று தேவபிச்சை கத்திவிட்டார். உடனே, "மெதுவான்னு சொல்லுங்க சார்," என்று திருத்தினார்.

ஜீப் ஏறியது. மூட்டைகள் மறுபடி ஏறின. நன்றி என்ற சொல் என் வழியாகக்கூட வரவில்லை. ஜீப் போன பிறகு ஆசீர்வாதம் கைகால் கழுவி, துடைத்து, என் முன்னால் வந்து நின்று, முகம் மலர, "வாங்க சார், வாங்க. எப்ப வந்தீங்க?" என்றான்.

ரெபேக்காள் அவித்த கப்பைக்கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் வைத்தாள். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. அதோடு மத்திக் கருவாடு. பாலக்காட்டுச் சமவெளியில் கருவாட்டைப் பற்றி எங்களுக்கு ஒரு மேட்டிமை உண்டு. அது அன்றைக்கு ஒழிந்தது.

"அவ்வளவு பகை இருக்கே, பிறகு எதுக்கு ஓடிப்போய்த் தூக்கினே?" என்று கேட்டேன்.

"கட்டளை சார். பகையாளியோட கழுதை சுமை தாங்காம விழுந்து கிடக்கிறதப் பாத்தா, பாக்காத மாதிரிப் போகக் கூடாது. அவனோட சேந்து தூக்கி விடணும்."

"அது கழுதைக்குத்தானே?"

"மோசே காலத்துல ஜீப்பு ஏது?"

"சரி, தூக்கியாச்சு. ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"பேசணும்னு அதுல இல்லியே சார். தூக்கணும்னுதான் இருக்கு."

விதியை இவ்வளவு சுத்தமாகப் படித்த ஆளை நான் தாலுகா ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை.

ரெபேக்காள் அடுப்புப் பக்கமிருந்து சொன்னாள்: "ஆமென் கதையச் சொன்னீங்களா சார்ட்ட?"

ஆசீர்வாதம் கருவாட்டில் முள் எடுப்பதில் மும்முரமானான். அவளே சொன்னாள். லெந்து என்ற தவக்காலம் தொடங்கும் புதன்கிழமை அவர்கள் கோயிலில் சாபங்களை வரிசையாக வாசிப்பது வழக்கமாம். உபதேசியார் ஒவ்வொன்றாக வாசிக்க, சபை முழுவதும் ஆமென் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துகிறவனுக்கும் ஒரு சாபம் இருக்கிறது.

"அந்த வரி வரும்போது எந்தம்பி இவரத் திரும்பிப் பாத்து ஒரு ஆமென் சொல்லுவான் சார், கூரைத் தகரம் அதிரும். இவரும் விடமாட்டாரு. அவன விடச் சத்தமாச் சொல்லுவாரு."

"நான் நகத்தல. நான் எதுக்கு மெதுவாச் சொல்லணும்?" என்றான் ஆசீர்வாதம்.

"உபதேசியார் அடுத்த வரிக்குப் போகவே பயப்படுவாரு. பிள்ளைக எல்லாம் அதுக்காகவே அன்னைக்குக் கோயிலுக்கு வருதுக." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னாள்: "நான் மட்டும் அந்த வரிக்கு வாயத் தெறக்கிறதில்ல சார். ஆமென்னு சொன்னா புருசனச் சபிச்ச மாதிரி நாலு பேரு நெனைப்பாக. இவரு பக்கம் பேசுனா தம்பி பொய்க்காரன் ஆயிருவான். தம்பி வீட்டுக்கு இங்கருந்து நாப்பது எட்டுத் தூரந்தான். பதினோரு வருசமா நான் அங்க போகல."

மாலை முழுவதும் மழை. வெளியே போக வழியில்லாததால் அவர்கள் வீட்டு வேதாகமத்தை எடுத்துப் புரட்டினேன். நான் சாமி கும்பிடுகிறவன், ஆனாலும் விதிமுறைத் தொகுப்பு எங்கே கிடைத்தாலும் கை சும்மா இருக்காது. மோசேயின் கட்டளைகளில் முக்கால்வாசி எனக்குப் பழக்கமான நடையில்தான் இருந்தது. வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடு. போர் அடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே. குஞ்சோடு தாய்ப்பறவையையும் சேர்த்துப் பிடிக்காதே.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இவற்றில் எதுவும் "உன் மனம் இளகட்டும்" என்று சொல்லவில்லை என்பதுதான். மனம் இளகுவதை நம்பி அந்த ஆட்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. இரக்கத்தை உத்தரவாகவே போட்டுவிட்டார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் இரக்கம் பற்றி வந்த ஒரே உத்தரவு கருணை அடிப்படையில் வேலை கொடுப்பது. அதற்கும் முதலில் ஒருவர் சாக வேண்டும்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. நானும் ஆசீர்வாதமும் நாடாவோடு மேலே ஏறினோம். தேவபிச்சையின் தோட்டத்து மேல்மூலையில் ஒரு பாறை இருக்கிறது. அதில் வெட்டிய பழைய அளவைக் குறிதான் ஆரம்பப் புள்ளி. அங்கிருந்து எல்லைக்கல் வரை நாற்பது மீட்டர் என்று வரைபடத்தில் இருக்கிறது. நான் பாறையில் நாடாவை வைத்தேன். ஆசீர்வாதம் பழைய பழக்கத்தில் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்கு ஊடாக இறங்கினான். கல்லுக்குப் போய்ச் சேர்ந்ததும் குரல் கொடுத்தான்.

நாற்பது மீட்டர். விரல் அகலம்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

"ஆசீர்வாதம்!" என்று கத்தினேன். "கல்லு நகரவே இல்லை! நட்ட இடத்துலயே நிக்குது!"

அவன் சந்தோஷப்படவில்லை. நாடாவைப் பிடித்தபடியே என்னை நோக்கிப் பாதித் தூரத்துக்கும் மேல் ஏறி வந்தான். எனக்குச் சில எட்டு கீழே நின்று, தரையில் கிடந்த நாடாவை எடுத்து, மெல்ல உயர்த்தி, என் கால் மட்டத்துக்கு நேராக, நெஞ்சளவில் பிடித்தான்.

அப்போது எனக்குப் புரிந்தது.

பத்தடி ஏணியைச் சுவரில் சாய்த்தால் அது தரையில் பத்தடி இடம் பிடிக்காது. நிலம் அளப்பதிலும் அப்படித்தான். சரிவில் சங்கிலியைத் தரையோடு விட்டு அளக்கக் கூடாது. மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படி இறங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். மேலிருந்து தரையோடு அளந்தால் கல் முன்னாலேயே விழுந்து, மேலே இருப்பவனுக்கு நிலம் குறையும். பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லித்தருவது. ஆனால் நான் நெல்வயலில் அளந்து பழகியவன். பாலக்காட்டில் வயல் தட்டை, சங்கிலி தரையோடுதான் கிடக்கும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இந்தக் கல்லை நட்டது நான். அன்றைக்கும் மழை. செயின்மேனின் சொந்த நிலம் என்பதால் சாயங்காலம் போகிற போக்கில் அளந்து கொடுத்தேன். அதுவே முறையில்லை. ஆசீர்வாதம் கீழேயிருந்து என்னவோ சொன்னான். "மழை வருது, கல்லை நடு" என்று நான் சொன்னேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"அன்னிக்கு நீ என்ன சொன்னே?"

"சங்கிலி தரையோட கிடக்கு சார்னு சொன்னேன்."

பிறகு இருவரும் முறைப்படி அளந்தோம். மட்டமாகப் பிடித்து, குண்டு விட்டு, படிப்படியாக. நாற்பதாவது மீட்டர் கல்லைத் தாண்டி ஆறடி கீழே ஆசீர்வாதத்தின் தோட்டத்துக்குள் விழுந்தது. அந்த ஆறடிப் பட்டையில் ஏலத்தூர்கள் செழித்து நின்றன. களை எடுத்திருந்தது, உரம் வைத்திருந்தது. நடுவில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். ஜார்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவள் என்று பிறகு தெரிந்தது. எங்களைக் கண்டு கூடையோடு எழுந்தாள். ஆசீர்வாதம் கையசைத்து உட்காரச் சொன்னான்.

"இது யாரு?"

"இந்தப் பட்டையில நான் காய் பறிக்கிறதில்ல சார். வயலோட ஓரத்த முழுசா அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுருன்னு இருக்குல்லா. இத ஓரம்னு வச்சுக்கிட்டேன்."

"அப்போ இது உன் நிலம் இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"மச்சினன் ஆறடி குறையுதுன்னு சொன்ன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்கில்லாதத நான் எப்படித் திங்க? அவன்ட்ட தூக்கிக் குடுத்தா, பாரு, நகத்துனவன் பயந்துட்டான்னு சொல்லுவான்."

"உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

அவன் நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "நீங்க அப்ப சர்வீஸ்ல இருந்தீங்க சார். பிரமோஷன் வர்ற நேரம். என்கொயரி வந்திருக்கும். பொறவு ரிட்டயர் ஆனீங்க. ரிட்டயர் ஆனவங்க மேலயும் நாலு வருசம் வரைக்கும் கேஸ் எடுக்கலாம், பென்ஷன்ல கை வைக்கலாம்னு நீங்கதான் ஒரு நாள் சொல்லிக் குடுத்தீங்க. அதான் நாலு வருசம் முடியட்டும்னு இருந்தேன். போன மாசம் முடிஞ்சுது. போன் போட்டேன்."

நான் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த விதி எனக்குத் தெரியும். நாலு வருடக் கணக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்து இல்லை, தவறு நடந்த நாளிலிருந்து. அவன் பாதிதான் கேட்டிருக்கிறான், அல்லது நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற மறுநாளே அவன் வாய் திறந்திருக்கலாம். கடைசி நாலு வருடச் சாபத்தை அவன் காரணமே இல்லாமல் வாங்கிக்கொண்டான். இதை அவனிடம் நான் சொல்லவில்லை. மனைவி ரூல் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

"சார், மிசினு வரும்போது பழைய அளவுல பிழை இருந்திருக்கின்னு சொல்லிட்டாப் போதும்," என்றான் ஆசீர்வாதம். "யார் அளந்ததுன்னு எவனும் கேக்க மாட்டான்."

கேட்க மாட்டார்கள்தான். 'பழைய அளவைப் பிழை' என்பது கோப்புகளில் அன்றாடம் வரும் சொல். யார் செய்தது என்று இல்லாமல் ஒரு தவறை எழுதுவதில் நான் நிபுணன். முப்பத்து மூன்று வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன் என்றும் சொல்லலாம். ஆனால் அப்படி எழுதினால் ஊருக்குச் சந்தேகம் மிச்சம் இருக்கும். பிழையோ நகர்த்தலோ, யாருக்குத் தெரியும் என்பார்கள். கல் இடம் மாறினாலும் ஆமென் மட்டும் வருடா வருடம் தொடரும்.

ஆசீர்வாதத்தை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, நான் தனியாகத் தேவபிச்சையின் வீட்டுக்கு ஏறினேன்.

அவர் களத்தில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி உதாரணத்தையும் சொன்னேன். முறம் அவர் கையிலேயே இருந்தது.

"அப்ப என் ஆறடி?"

"உங்களோடதுதானுங்க. நீங்க சொன்னது சரி."

"அவன் கல்ல நகத்தலங்கியது?"

"அதுவும் சரிதானுங்க. கல்லைத் தப்பா நட்டது நானு."

"ரெண்டு பேரு சொன்னதும் சரின்னா, பதினோரு வருசம் எதுக்கு சார்?"

"என் வேலை போகக் கூடாதுன்னு அவன் வாயத் திறக்கல."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது கோபம் இல்லை, ஏதோ கலவரம்.

"சார், வருசா வருசம் நான் நெஞ்சாரச் சொன்ன ஆமென் எல்லாம் யார் மேல போயிருக்கும்?"

நான் யோசித்தேன். "என் மேலதான் வந்திருக்கணும்."

"உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துதா?" உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"முட்டி வலிங்க. மத்தபடி பிரமோஷன் ஒரு வருசம் தள்ளிப்போச்சு."

"ஐயோ," என்றார் தேவபிச்சை. "மன்னிச்சுக்கிடுங்க சார்." நான்கு நொடி கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்து முடித்ததும் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். அது வியர்வைக்காக இல்லை.

நான் அட்டையையும் தாளையும் எடுத்தேன். இந்தப் பக்கத்து அலுவலகங்களில் தமிழிலேயே மனு எழுத உரிமை உண்டு, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. தமிழில் எழுதினேன். மேற்படி கல்லை நட்டது கீழே கையெழுத்திட்டுள்ள நான். சரிவில் சங்கிலியை மட்டமாகப் பிடிக்காமல் தரையோடு விட்டு அளந்தது நான். செயின்மேன் ஆசீர்வாதம் அப்போதே சுட்டிக்காட்டினார். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கல்லை யாரும் நகர்த்தவில்லை.

பெயர், பழைய பதவி, தேதி, கையெழுத்து. "இதுக்கு ரெண்டு சாட்சி வேணுமுங்க," என்றேன்.

"ஒரே சாட்சி போதாது, ரெண்டு மூணு பேரு வாக்குலதான் காரியம் நிலைக்கணும்னு எங்களுக்கும் இருக்கு," என்றார் அவர். "வாங்க, கீழ போவோம்."

கல்லருகே ஆசீர்வாதம் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கட்டினான், அவிழ்த்தான். தேவபிச்சை கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, அட்டையை வாங்கி, தாளை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். 'சுட்டிக்காட்டினார்' என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு முழங்காலில் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் பேனாவை வாங்கக் கை நீட்டினேன். அவர் என்னிடம் கொடுக்கவில்லை. கல்லுக்கு மேலாக, நேரே ஆசீர்வாதத்திடம் நீட்டினார். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வாங்கினான். கையெழுத்துப் போட்டுவிட்டு, தேதி போடும் இடத்தில் தயங்கினான்.

"இன்னைக்குத் தேதி என்ன?"

நான் வாய் திறப்பதற்குள் தேவபிச்சை சொல்லிவிட்டார்.

அவன் தேதியை எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஆசீர்வாதம் அந்தப் பட்டையைக் காட்டிச் சொன்னான்: "கல்ல மாத்தி நட்ட பொறவு, அந்த ஜார்கண்ட்காரப் பிள்ளையத் துரத்திராத. அது நாலு வருசமா இதத்தான் நம்பி இருக்கு."

"நான் துரத்துவேன்னு யாரு சொன்னா?"

"ஒன்னத் தெரியாதா எனக்கு?"

"என்னத்தத் தெரியும் ஒமக்கு? என் செடியில காயப் பறிக்க விட்டுட்டு எனக்கே புத்தி சொல்லுதீரு!"

"அப்ப அந்த உரம் எல்லாம் யாரு வச்சதாம்?"

"வைக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

குரல்கள் ஏறின. அந்தப் பெண் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். யாருக்கும் எதையும் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

கீழே அடுக்களைக் கதவு திறந்தது. ரெபேக்காள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நேருக்கு நேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே, கல்லைத் தாண்டி ஏறினாள்.

"கத்தி முடிச்சதும் சாரையும் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள் திரும்பாமலே. "நான் எந்தம்பி வீட்டுல இருப்பேன்."